அடுத்த ஜெனரேஷன் வரட்டும்

கணினித் திரையில் ஒரு வீடு சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெளிந்து வருவதை எஞ்சினியரக்கா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நடுவில் ஒரு சதுரம் தெளியும். அதில் வாசற்படியின் கிரானைட் பளபளக்கும். பக்கத்துச் சதுரம் தெளிவதற்குள் நாங்கள் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்போம். அக்கா ஒரு கையைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்திருப்பார். "கொதிக்குது" என்பார். அந்த ஒரு சொல்லில் இருந்த எரிச்சல் பெட்டியின் மேல் மட்டும் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

இலுப்பூர் கடைவீதியில் ஒரு உரக்கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு அங்கே வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா அன்னவாசல் பக்கத்துக்காரர். சிவில் படித்து, திருச்சியில் ஒரு கம்பெனியில் சில வருஷம் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகத் தொடங்கியிருந்தார். வேலையிடத்தில் அவரைப் போல் சட்டென்று முடிவெடுப்பவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒரு முறை தூணில் கம்பி குறைவாகக் கட்டியிருந்ததைக் கண்டு, ஓடிக்கொண்டிருந்த கலவை மிஷினையே நிறுத்தச் சொன்னார். ஆட்களின் கூலி வீணாகிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தார். "அப்ப சீக்கிரம் கம்பியக் கட்டுங்க மேஸ்திரி, நான் இங்கிட்டுத்தான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் குடையைப் பிடித்தபடி கட்டி முடிக்கும்வரை நின்றார். அப்படிப்பட்டவரால் கணினிக்கு ஒரு புது ப்ராசஸர் வாங்க முடியவில்லை.

வாங்கியாக வேண்டிய நிலைமை வந்துவிட்டிருந்தது. எங்களிடம் வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். முன்பெல்லாம் கோட்டுப் படத்தை அனுப்பினால் போதும். பிறகு போட்டோ மாதிரி வீட்டின் முன்தோற்றம், எலிவேஷன் கேட்டார்கள். அதற்குப் பிறகு, வாசலில் நுழைந்து ஒவ்வோர் அறையாக நடந்து போவது போன்ற வீடியோ கேட்டார்கள். புதுக்கோட்டையில் ஒரு அலுவலகம் அப்படிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. கோட்டைப் படமாக்கும் அந்த வேலைக்கு ரெண்டர் என்று பெயர். ஒரு படத்துக்கே எங்கள் கணினிக்கு ஒரு பகல் வேண்டும். வீடியோ என்பது, ஒவ்வொன்றையும் சின்னதாக, தரம் குறைத்துப் போட்டாலும், நூற்றுக்கணக்கான படங்களின் வரிசை. திருச்சியில் கணினிக்கடை வைத்திருந்தவர் எங்களுக்கு எளிமையாகச் சொன்னார்: இந்த வேலையை ப்ராசஸர் தனக்குள் பல கைகளாகப் பிரித்துச் செய்கிறது, உங்களுடையதில் கைகள் குறைவு, இப்போது வந்திருக்கும் ஜெனரேஷனில் பல மடங்கு அதிகம். ஆனால் புதுச் சிப் பழைய போர்டில் உட்காராது. போர்டு, மெமரி என்று உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அந்தப் பேச்சு வீட்டுக்குப் போனதும்தான் வினை ஆரம்பித்தது. அக்காவின் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். நாங்கள் சார் என்போம். கெட்டவர் இல்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது எங்களுக்கும் சேர்த்து வடை வாங்கி வருவார். ஆனால் "அத நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்ன நாளிலிருந்து அது அவருடைய விஷயமாகிவிட்டது. போனில் ஓயாமல் வீடியோ பார்ப்பார். எந்தச் சிப்பில் எத்தனை கோர், அதாவது எத்தனை கை, எது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எது சூடாகும் என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார். எல்லாப் பாடமும் ஒரே இடத்தில் வந்து முடியும். "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க, அடுத்த ஜெனரேஷன் வரட்டும்." அது வந்தது. முதலில் வருவதில் கோளாறு இருக்கும், நாலு பேர் வாங்கிப் பார்க்கட்டும் என்றார். நாலு பேர் வாங்கி நன்றாயிருக்கிறது என்றார்கள். இதற்குள் இது பழசாகிவிட்டது, இனி இதை வாங்குவது மடத்தனம், வரப்போவது வேற மாதிரி என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பழைய பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பேன். சுட்டியை ஒரு முறை அசைத்தால் திரையில் அம்புக்குறி யோசித்துவிட்டுத்தான் நகரும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் கேட்டே விட்டேன். அலுவலகம் உங்களுடையது, வேலை தெரிந்தவர் நீங்கள், அவரிடம் ஏன் விட்டீர்கள் என்று. அக்கா கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "ஊருக்குள்ள அவர எல்லாரும் எஞ்சினியரம்மா வீட்டுக்காரர்னுதான் சொல்றாங்க. வீட்டுல ஒண்ணையாவது அவரு முடிவு பண்ணட்டும்னு விட்டேன் புள்ள. அந்த ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டராப் போச்சு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் கணவர் வளைகுடாவில் இருந்தார். அங்கிருந்தபடியே யாரிடமோ வாஸ்து கேட்டு, அடுப்படி தென்கிழக்கு மூலையில்தான் என்று சொல்லியிருந்தார். அவர்களுடைய மனையில் அந்த மூலைக்கு ஒரு பக்கம் பங்காளி வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வெளிப்புற மாடிப்படி. நேர் வெளிச்சம் வர வழியே இல்லை. அந்தம்மா கூச்சத்தோடுதான் பேச்சை எடுத்தார். நாள் முழுக்கத் தான் நிற்கப்போகிற இடம் அது, வடமேற்கில் வைத்தால் தெருவும் தெரியும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதும் தெரியும், வைக்கலாமா என்று கேட்டார். வடமேற்கு வாயு மூலை, அங்கேயும் அடுப்படி வைப்பார்கள் என்று அக்கா சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா தாளில் மாற்றிப் போட்டுக் காட்டினார்.

"படமாக் காட்டுனாத்தாம்மா அவுக ஒத்துக்குவாக. வாயால சொன்னா காதுல ஏறாது" என்றார் அந்தம்மா. கணவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்று மத்தியானம் வீடியோவைப் பார்த்து அவர் சரி என்றால், திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு மண் எடுக்கும்போது புதுப் படத்தின்படி எடுக்கலாம். வாரத் தொடக்கத்திலேயே நாங்கள் ரெண்டரைப் போட்டுவிட்டோம்.

சித்திரை வெயில். தகரக்கூரை இல்லையென்றாலும் மாடி அறை அடுப்பாகத்தான் இருந்தது. சூடு தாங்காமல் கணினி தானாகவே அணைந்து போகும். அக்கா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டி, எங்களுக்கு இருந்த ஒரே மேசை விசிறியை அதற்குத் திருப்பி வைத்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம், மறுபடி அணையும். வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்று பார்க்க அந்தம்மா வந்து உட்கார்ந்திருந்தபோது சாரும் வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "இதுக்குத்தான் சொல்றேன், அவசரப்படாதன்னு. வரப்போறதுல சூடுங்கிற பேச்சே இருக்காதாம்" என்றார். எனக்குக் கையில் இருந்த திருப்புளியை எங்கேயாவது வீச வேண்டும் போலிருந்தது. அக்கா விசிறியைச் சற்றுத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தம்மா வந்தபோது எங்களிடம் இருந்தது வாசலும், பாதி ஹாலும். வீடியோ அடுப்படிக்குப் போகவே இல்லை. அதை விட்டுவிட்டு, அடுப்படியை மட்டும் ஒற்றைப் படமாகவாவது எடுத்துவிடலாம் என்று அக்கா தொடங்கினார். ஜன்னலும் அதன் கீழ் மேடையும் தெளிந்து வரும் நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் சிறிது நேரம் கத்திவிட்டு அடங்கியது. கடைசியில் போனில் கோட்டுப் படத்தைத்தான் அனுப்பினோம். அக்காவே அந்தம்மாவின் கணவரிடம் பேசி, ஒவ்வொரு கோடாக விளக்கினார். எல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது, ஒன்றும் புரியவில்லை, முதலில் சொன்னபடியே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்தம்மா கோபப்படவில்லை. கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டே, "ஒங்க வீட்டுலயும் கேட்டுக்கிட்டுத்தான் வாங்கணுமாம்மா?" என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 

கரண்ட் வந்ததும் அக்கா திருச்சிக் கடைக்குப் போன் செய்து, புதுசை எடுத்து வைக்கச் சொன்னார். சில நாள் கழித்து நானும் அவரும் விராலிமலை வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினால், கடைக்காரர் விழித்தார். "சார் போன் பண்ணி, இப்ப வேணாம், அடுத்தது வரட்டும்னு சொன்னாங்களே மேடம். அத வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்." சொன்னது நான், வேண்டாம் என்றது இன்னொருவர், என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா என்று அக்கா கேட்டார். கடைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, கொஞ்ச நாள் பொறுத்தால் புது ஜெனரேஷனே வந்துவிடும் என்றார். அலமாரியில் அதற்கு முந்தைய ஜெனரேஷன் ஒன்று பெட்டியோடு இருந்தது. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா என்று அவர் போனை எடுத்தார்.

"போனக் கீழ வைங்க. அதையே குடுங்க. பில்லு எம் பேருல போடுங்க."

அதற்கேற்ற போர்டையும் மெமரியையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் அந்தப் பழைய வேலையைத்தான் அக்கா முதலில் அதில் போட்டார். எங்களைத் திணறடித்த வீடியோ காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முழுசாக வந்துவிட்டது. வாசல், ஹால், அடுப்படி, ஜன்னலுக்கு வெளியே தெரு. ஒரு முறை பார்த்தார். கொடும்பாளூரில் அதற்குள் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. யாருக்கும் அனுப்பாமல் மூடிவிட்டார். சார் அந்த வருஷம் முழுக்க, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது எனக்குப் புதுக்கோட்டையில் சொந்த அலுவலகம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்து, அடுத்தது வரப்போகிறது, பொறுத்து வாங்கலாமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை, அடுத்தது எப்போதுமே வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது. அப்போதெல்லாம் அந்தக் கொடும்பாளூர் வீட்டுப் பால்காய்ப்பு நினைவுக்கு வரும்.

அந்தம்மாவின் கணவர் விடுமுறையில் வந்திருந்தார். அக்கா, சார், நான் மூவரும் போயிருந்தோம். நல்ல பகலில் அடுப்படியில் டியூப்லைட் எரிந்தது. அந்தம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அடுப்படி மட்டும் இருட்டாப் போச்சுங்க மேடம். அந்த வீடியோவ அப்பவே பாத்திருந்தா நானே மாத்தச் சொல்லிருப்பேன்" என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். அப்போது இருந்த மிஷின் அப்படி, இப்போது வாங்கியதும் அவசரத்தில் வாங்கியது, இனி வரப்போவதுதான் சரியானது என்று சொல்லிக்கொண்டே அந்தக் கணவரின் தோளில் கைபோட்டு ஹாலுக்கு அழைத்துப் போனார்.

பால் பொங்கி வழிந்தது. அந்தம்மா அடுப்பைக் குறைத்தார். அக்கா படிக்கட்டுப் பக்கத்துச் சுவரருகே போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இது வெறும் செங்கச்செவுருதான், பாரம் தாங்குறது இல்ல. படிக்கு அடியில ஒரு ஜன்னல் வைக்கலாம். தெரு தெரியாது. ஆனா பகல்ல லைட்டு போட வேண்டியிருக்காது" என்றார்.

அந்தம்மா ஹால் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். "அவுக பிளைட்டு ஏறட்டும். மறுநாளே மேஸ்திரிய வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பாலை டம்ளரில் ஊற்றினார்.