ஜமால் பாய் வீட்டு சீலிங்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு ஹால் சீலிங் விழுந்துவிட்டது, பிள்ளைகளே.

எதிர்வீடு என்றால் ஜமால் பாய் வீடு. முகப்பேரில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடியில் அவர் கதவும் என் கதவும் முகம் பார்த்து நிற்கும். சத்தம் கேட்டு ஓடினால்... ஹால் முழுக்கப் புழுதி. சோபாவின் மேல் கான்கிரீட் பாளங்கள். பாய், அவர் மனைவி மும்தாஜ், சின்ன மகள் நஸ்ரின் – மூன்று பேரும் அப்போது சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். கம்பிகள் தெரிந்தன. கம்பியா அது? வீங்கி, செதில் செதிலாக உரிந்து, செங்காவி நிறத்தில் ஏதோ ஒன்று.

"இன்னா அண்ணாத்தே இது? இன்னிக்கு ஒரு ஆணிகூட அடிக்கலியே நானு!" என்றார் பாய்.

உண்மைதான். யாரும் எதுவும் செய்யவில்லை. விஷயமே அதுதான்.

எட்டாவது படிக்கும் நஸ்ரின் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், யாருமே ஒண்ணும் பண்ணாம அது எப்டி கெட்டுப்போவுது?"

நான் பிளஸ் டூவோடு நின்றவன். என் மகனின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சில மாற்றங்கள் தானாகவே நடக்கும். தன்னிச்சை வினை என்று பெயர். எது அப்படி நடக்கும், எது நடக்காது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், வெப்பம் வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது என்ட்ரோபி – துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவிக் கிடக்க முடியும் என்பதன் அளவு. பிரேயரில் வரிசையாக நிற்க ஒரே ஒரு வழி. கலைந்து திரிய? எண்ணி மாளாது, இல்லையா?

இந்த இரண்டையும் வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் கிடைப்பதுதான் கட்டிலா ஆற்றல், இங்கிலீஷில் ஃப்ரீ எனர்ஜி. அது குறைகிற பக்கம் மாற்றம் தானாகப் போகும். கூடுகிற பக்கம் போக வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது தள்ள வேண்டும். வெப்பநிலை மாறினால் கணக்கும் மாறும். மேஜை மேல் ஐஸ் தானாக உருகுகிறது. அதே தண்ணீர் ஃப்ரீசரில் தானாக உறைகிறது.

இரும்புக்கு வருவோம். இரும்பு துருவாகும்போது, காற்றில் திரியும் ஆக்சிஜனைத் தன்னோடு பூட்டிவிடுகிறது. அப்போது பரவல் குறையத்தானே செய்யும்? குறைகிறது. ஆனால் அந்த வினையில் வெளியேறும் வெப்பம், சுற்றியுள்ளவற்றை அதைவிட அதிகமாகக் கலைத்துவிடுகிறது. மொத்தத்தில் துருதான் ஜெயிக்கிறது. யோசித்துப் பாருங்கள்... மண்ணிலிருந்து எடுக்கும்போது இரும்பு கிட்டத்தட்டத் துருவாகத்தான் இருக்கிறது. உலையில் போட்டு, கரியை எரித்து, பாடுபட்டுக் கம்பியாக்குகிறோம். விட்டால் அது வந்த வழியே திரும்பிப் போகிறது.

அப்படியானால் எல்லாக் கட்டடமும் ஏன் நாளைக்கே விழவில்லை? பெரியவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். தன்னிச்சை என்றால் வேகம் என்று அர்த்தமில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய தோல் ஒன்றைப் போட்டு வருஷக்கணக்கில் காக்கும். எங்கள் கட்டடத்துக்கோ உப்புத் தண்ணீரில் கலவை போட்டார்கள். போதாததற்கு மேல்மாடி பாத்ரூம் கசிவு. உப்பு அந்தத் தோலைக் கிழித்தது. துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வீங்கும்.

பாய் வீட்டு ஹாலில் விரிசல் முன்பே தெரிந்தது. ஆனால் அப்போது மூத்த மகள் ஷமீமாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே! பாய் விரிசலுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து, சுற்றிலும் குட்டி குட்டி விளக்குகள் பதித்தார். வந்தவர்கள் விளக்கைப் பார்த்தார்கள். விரிசல் மேலே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது ஷமீமாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? அடுத்த வாரம் அழைத்து வருவதாக ஏற்பாடு. இந்த நேரத்தில்தான் ஒரு இன்ஜினியர் வந்து பெட்ரூம் சீலிங்கைத் தட்டிப் பார்த்தார். "இங்கயும் உள்ள விட்டுப்போச்சு. பெயர்த்துட்டு கம்பி மாத்தணும். அதுவரைக்கும் யாரும் தங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் கேட்பதாக இல்லை.

"பெட்ரூம்ல ஒரு கீறல்கூட இல்ல அண்ணாத்தே. லேசா பூசி பெயின்ட் அட்ச்சா சும்மா கும்முனு இருக்கும். புள்ளத்தாச்சிப் பொண்ண எங்க கூட்டினு போவேன்? அப்பன் ஊடு இல்லாதவளாச்சேன்னு சம்பந்தி ஊட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா...?"

"பாய், பெயின்ட் வெளிய மூடும். உப்பு உள்ள கீது. நாம பாக்கலைன்னா அது நின்னுடுமா?"

"சரி, எப்போ வியும்? தேதி சொல்லு."

"தெரியாது பாய். எந்தப் பக்கம் போவும்னுதான் அந்தக் கணக்கு சொல்லும். எப்போன்னு சொல்லாது."

"அப்புறம் இன்னாத்துக்கு அண்ணாத்தே உன் சயின்ஸு! தேதி சொல்றதுக்கு ஜோசியக்காரனே பரவால்ல."

அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்த மும்தாஜ் நிமிர்ந்தார்.

"இந்தாங்க... கொழந்தைக்குத் தூளி எதுல கட்டுவீங்க?"

"இன்னாடி கேள்வி இது? நஸ்ரினுக்குக் கட்டுன அதே கொக்கிலதான்."

"அந்தக் கொக்கி எதைப் புட்ச்சினு தொங்குது?"

நாங்கள் எல்லோரும் பெட்ரூமில் அண்ணாந்து பார்த்தோம். கொக்கியைச் சுற்றி, டீ கிளாஸ் வைத்து எடுத்த மாதிரி ஒரு பழுப்பு வளையம்.

பாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சம்பந்திக்கு போன் போட்டார். பேசப் பேச அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

ஷமீமா வரவில்லை. மாமியார் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவாகிவிட்டது. காட்டுப்பாக்கத்தில் கிடைத்த ஒற்றை அறைக்கு மற்ற மூவரும் போய்விட்டார்கள். வண்டி கிளம்பும்போது மும்தாஜ் அழுதார். பாய் என் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்.

எங்கள் வீட்டுக்கும் அதே தண்ணீர், அதே கலவை, அதே கம்பி. பெட்ரூம் சீலிங் பளிச்சென்றுதான் இருக்கிறது. என் மகன் அதன் கீழே படுத்துத் தூங்குகிறான். நாளைக் காலையில் நானும் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்புகிறேன், பிள்ளைகளே.

துருவுக்கு அவசரமில்லை. எனக்கு இருக்கிறது.