ராமப்பன் போட்ட இடம்

இது கட்டுக்கதை இல்லை. 1954, மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நேரம்கூட நாராயணம்மாவுக்கு நிமிஷக் கணக்கில் நினைவிருந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. நம்பியவர்கள் அதற்கப்புறம் பஸ்ஸில் துண்டு கிடந்த இடத்தில் உட்காரவில்லை.

நாராயணம்மா தொரப்பள்ளிக்காரி. புருஷன் ராமப்பன் பஸ்ஸில் இடம் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவான். எவ்வளவு கூட்டமானாலும் துண்டு விழுந்த இடம் நாராயணம்மாவுக்கு. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் பஸ்ஸில் நின்றதே கிடையாது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் அவளைக் கேட்காமலே சிலோனுக்குப் போக ஒப்புக்கொண்டு வந்தான். மலைத்தோட்டத்தில் துரை பங்களாவுக்குத் தோட்டக்காரன் வேலை. ஒன்பது நாள் அவனோடு அவள் பேசவில்லை. பத்தாம் நாள் பஸ் ஏற்றிவிடப் போனாள். அப்போதும் பேசவில்லை.

"ஏமே நாராயணி, ஒரு வார்த்த பேசு மே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் கிளம்பும் வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். அன்று தனக்கு இடம் பிடிக்கப் போட்ட துண்டு அவன் தோளில் இருந்தது. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. பீடி சுட்ட ஓட்டையைச் சிவப்பு நூலால் அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

இரண்டு வருஷம் போயிற்று. அவள் கோபம் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது. கடிதம் எழுதிக் கொடுக்கிற வாத்தியாரிடம் அதைச் சொல்லக் கூச்சம். நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

மாசியில் தந்தி வந்தது. 'ராமப்பன் கவலைக்கிடம். உடனே வரவும்.' பொங்கலுக்குக் கப்பலில் போகலாமென்று எடுத்து, போகாமல் விட்ட பாஸ்போர்ட்டும் ஊசி போட்ட சீட்டும் பெட்டியில் இருந்தன. துரைசாணி இரக்கப்பட்டுத் திருச்சியிலிருந்து விமானத்துக்கு ஏற்பாடு செய்திருந்தாள். திருச்சி ஆபீஸில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். கூட்டிப்போக ஆள் வராவிட்டால் வழி கேட்கக் காட்ட வேண்டியது. ஏற வேண்டிய மூன்று பஸ்ஸின் பெயரும் அந்த ஊர் எழுத்தில் இருந்தது.

கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையில் விமானம் இறங்கியபோது பகல் 11.20. ஆள் யாரும் வரவில்லை. காகிதத்தை நீட்டி நீட்டி வழி கேட்டு ரோட்டுக்கு வந்தாள்.

கோபம் போயிடுச்சிய்யா. இந்த ஒரு வார்த்தைதான். அவன் காதில் விழுகிற வரைக்கும் உயிர் இருந்தால் போதும்.

12.05. முதல் பஸ் வந்தது. வாசற்படியில் ஆள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். முண்டி ஏறினாள். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு துண்டு கிடந்தது.

வெள்ளை. பச்சைக் கரை.

ஓரத்தைப் புரட்டினாள். சிவப்பு நூல்.

கண்டக்டர் சிங்களக்காரர். தெரிந்த தமிழில் சொன்னார். "ஒரு ஆள் போட்டது. உங்களுக்கு. இருங்க, இருங்க."

"எங்க அந்த ஆளு?"

"இறங்கிட்டது. பேச்சு இல்லை. கை மட்டும்." உள்ளங்கையை இருக்கையில் தட்டிக் காட்டினார்.

நாராயணம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிழைத்துக்கொண்டான்! எழுந்து நடமாடுகிறான். ஒன்பது நாள் பேசாமலிருந்தேன் என்று இப்போது பழி வாங்குகிறான். முன்னால் ஓடி ஓடி விளையாட்டுக் காட்டுகிறான். வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

துண்டை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொழும்பு பஸ் நிலையத்தில் கண்டி பஸ். 1.30. திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம். ஏறினாள். இரண்டாம் வரிசை ஜன்னலோரம்... துண்டு.

அதே பச்சைக் கரை. அதே சிவப்புத் தையல்.

பைக்குள் கையை விட்டாள். சீலை இருந்தது. சீப்பு இருந்தது. துண்டு இல்லை.

இந்தக் கண்டக்டர் தமிழர். "நீங்கதானா அம்மா? ரெண்டு பக்கமும் மூக்குத்தின்னு சைகை காட்டினார். உக்காருங்க."

"வாயால சொல்லலீங்களா?"

"பல்வலியோ என்னமோ. வாயைத் திறக்கவே இல்லை. தாடையை இறுக்கி மூடிக்கிட்டே நின்னார்."

"ஆளு நல்லாத்தான இருந்தாரு?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி யோசித்தார். "முகம்தான் கொஞ்சம் வெளுப்பு."

அவள் துண்டை மடியில் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் தென்னை, வயல், அப்புறம் மலை. கை மரத்துப்போனாலும் விடவில்லை. மூன்று மணிக்கு மேல் கண் அசந்தது.

விழித்தபோது கை இறுக்கிப் பிடித்தபடிதான் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கண்டி. 5.15.

தோட்டத்துக்குப் போகிற பஸ் சின்னது. கடைசி இருக்கையில் துண்டு கிடந்தது. இந்தத் தடவை அவள் அதைத் தொடவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"இத ஆருங்க போட்டது?"

"உங்க வீட்டுக்காரரா அக்கா? கால்ல என்ன அடி அவருக்கு?"

"கால்லயா?"

"ரெண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வச்சுத் தத்தித் தத்தி வந்தார். படியேற முடியல. நான் கை குடுத்தேன்." கண்டக்டர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "என்னா ஜில்லுன்னு இருந்திச்சு..."

அவள் உட்கார்ந்தாள். துண்டு ஈரமாக இல்லை. ஆனால் குளிர்ந்திருந்தது.

வளைவு... வளைவு... வளைவு.

6.40. பஸ் நின்றது.

தோட்டத்து ஆஸ்பத்திரி லாந்தர் வெளிச்சத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அந்த வழிவிடலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெஞ்சில் ராமப்பன் படுத்திருந்தான். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தார்கள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது.

அந்தக் கட்டு ஒரு துண்டு. பச்சைக் கரை. சிவப்புத் தையல்.

"எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"காலைல பத்தே காலு, தாயி." தோட்டத் தொழிலாளர் லயத்துக் கிழவி மங்கம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கையாலதான் வாயக் கட்டுனேன். கால் விரலக் கட்டுனேன். நீ வர்ற மட்டும் வச்சிருக்கோம்னு துரை சொல்லிட்டாரு."

"நடுவுல கட்ட அவுத்தீங்களா?"

"எதுக்கு அவுக்கணும்? ஈ ஓட்டிக்கிட்டு இங்கதான ஒக்காந்திருந்தேன், காலையில இருந்து."

பத்தே கால். அப்போது அவள் வானத்தில் இருந்தாள்.

மறுநாள் விடிந்து தூக்கும்போது மங்கம்மா சொன்னாள். "கட்டோட அனுப்பக் கூடாது. பொண்டாட்டி நீயே அவுத்து விடு."

நாராயணம்மா கால் விரல் நூலை அவிழ்த்தாள். தாடைக்கட்டை அவிழ்த்தாள். துண்டில் பஸ் புழுதி வாசம் அடித்தது. அவன் வாய் லேசாகத் திறந்தது. ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி.

அவளும் குனிந்தாள். வைத்திருந்த வார்த்தை அப்போது வரவில்லை. அழுகைதான் வந்தது.

"துண்டு அவரோட போவட்டும் தாயி."

"இருக்கட்டும். எனக்கு வேணும்."

பதினாறு முடிந்து கப்பலில் திரும்பினாள். ரயில், பஸ், ரயில், பஸ். ஒவ்வொன்றிலும் ஏறினதும் இருக்கைகளைப் பார்த்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

கிருஷ்ணகிரியில் ஒசூர் பஸ் பிற்பகல் 3.50க்கு ஸ்டாண்டுக்குள் திரும்பியது. சந்தை நாள் கூட்டம். என்ன தோன்றிற்றோ, நாராயணம்மா கூடவே ஓடினாள். ஜன்னல் வழியாகத் துண்டை வீசினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை.

இரண்டு பேர் இருக்கை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் துண்டை விரித்தாள். போட்ட இடத்தை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள். நிற்க இடமில்லாத பஸ். யாரும் கேட்கவில்லை.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சூளகிரி போயிற்று. கண்ணீரைக் காற்றே துடைத்தது.

5.35. ஒசூர்.

கம்பியைப் பிடித்து வழியெல்லாம் நின்று வந்த புளி வியாபாரி வெங்கடம்மாள் கூடையை இறக்கிக்கொண்டே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏமே, உனுக்கு இவ்ளோ அழுத்தம் ஆவாது."

"இன்னா சொல்ற?"

"ஊட்டுக்காரர பக்கத்துல வச்சிக்கினு வெறும் நெத்தியோட வர்ற. சரி, அது உன் இஷ்டம். அந்த மனுசன் கிருஷ்ணகிரியில ஆரம்பிச்சி இங்க வர்ற வரைக்கும் வாய் ஓயாம பேசினு வராரு. நீ ஜன்னலயே பாத்துக்கினு வர்றியே, கல்லு மாதிரி!"

நாராயணம்மா அவள் கூடையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா... இன்னா பேசினாரு?"

"புருசன் பொஞ்சாதி பேச்சு எனுக்கு இன்னாத்துக்கு? ஒண்ணு மட்டும் காதுல வுழுந்திச்சி. திருப்பித் திருப்பி அதயேதான் சொன்னாரு."

"இன்னான்னு?"

"'ஒரு வார்த்த பேசு நாராயணி'ன்னு."

அவள் திரும்பி ஓடிப் பஸ்ஸுக்குள் ஏறினாள். பஸ் காலி. இருக்கை காலி. துண்டும் இல்லை.

"கோவம் போயிடுச்சிய்யா!" காலி இருக்கையைப் பார்த்துக் கத்தினாள். "எப்பவோ போயிடுச்சிய்யா!"

பின்படியில் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆரோட பேசற மே? அவரு உனுக்கு முன்னாடியே எறங்கிட்டாரு. துண்ட எடுத்துக்கினு ஓடினாரே."

"எங்க?"

"அடுத்த பஸ்ஸுல உனுக்கு எடம் போட்டு வெக்கணும்னாரு."

நாராயணம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தொரப்பள்ளிக்கு அந்த வருஷம் பஸ் கிடையாது. நடைதான். ஒசூரோடு அவள் ஏற வேண்டிய பஸ்ஸெல்லாம் முடிந்திருந்தது.