அக்கா போகாத கலியாணங்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அக்காவைப் பற்றி எழுத இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பிறந்தவர். எண்பதுகளில் அத்தானோடு லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் குடியேறினார். பிறகு என்னையும் கூப்பிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். வீட்டில் தனியே இருக்க மனமில்லாமல் அக்கா ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, வெள்ளியிலும் பொன்னிலும் கல் பதிக்கப் படித்தார்.

அவர் முதலில் படம் கீறுவதில்லை. கல்லை வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் போட்டு யன்னலடியில் வைத்துவிடுவார். சமைக்கும்போதும் போகவர நடக்கும்போதும் அதைப் பார்ப்பார். எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே பொன்னைத் தொடுவார். அதனால் அவர் செய்த நகைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. "அதே மாதிரி எனக்கும் ஒண்டு" என்று கேட்டால், "அதே மாதிரிக் கல்லைக் கொண்டுவாங்கோ, பாப்பம்" என்று சிரிப்பார்.

அத்தான் மாரடைப்பில் திடீரென்று போனபோது, ஒரு கலியாணப் பதக்கம் மேசையில் முடியும் தறுவாயில் இருந்தது. அதிலிருந்த சிவப்புக் கற்கள் பெண்வீட்டார் கொடுத்தவை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு பெண்ணின் தாயார் வந்தார்.

"பிழையா நினையாதேங்கோ தங்கச்சி. கலியாணக் காரியம். கல்லுகளைத் தாங்கோ, வேறை ஆளிட்டைக் குடுத்து முடிப்பம்."

"ஓம். விளங்குது" என்றார் அக்கா.

கணவனை இழந்தவர் செய்த நகை மணப்பெண்ணுக்கு ஆகாது என்பது நம்மவர் எண்ணம். அக்கா வாதாடவில்லை. அந்தத் தாயாரின் முன்னாலேயே பொன் விளிம்பை நெம்பி, பதித்த கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரப் பெண்களின் மோதிரங்கள் மட்டும்தான் மேசைக்கு வந்தன. நம்மவர்கள் இனி வரமாட்டார்கள் என்றே அக்கா இருந்தார். "என்ரை கையிலை என்னடா தம்பி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கலியாணப் பெண்ணே பஞ்சுப் பொதியோடு வந்து நின்றார்.

"அன்ரி, நீங்களே செய்யுங்கோ. மற்ற ஆள் கீறிக் காட்டினது உளுந்துவடை மாதிரிக் கிடக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியும். ரெண்டு நாளா என்னோடை கதைக்கேல்லை."

அத்தான் போன பிறகு அன்றுதான் அக்கா சிரித்தார். பழைய பொன் கூட்டை உருக்கிவிட்டு, கற்களைத் திரும்பவும் பீங்கானில் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். புதிதாகவே ஒரு பதக்கம் பிறந்தது.

கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. அக்கா போகவில்லை.

"நீ போயிட்டு வா. நடுக்கல்லு நேரா நிக்குதோ எண்டு மட்டும் பார்."

கூட்டம் என்றால் ஒதுங்குகிறவன் நான். கடைசி வரிசையில் இருந்து, மணமக்கள் கடந்துபோகும்போது பார்த்துவிட்டு வந்தேன்.

"நேரா நிண்டது, அக்கா."

"பிள்ளை திரும்பேக்கையும்?"

"ஓம், திரும்பேக்கையும்."

அந்தப் பதக்கத்தைக் கண்டு வேறு வீட்டாரும் வந்தார்கள். அக்கா பல மணப்பெண்களுக்குச் செய்து கொடுத்தார். ஒரு கலியாணத்துக்கும் அவர் போகவில்லை. நான்தான் போய்ப் பார்த்து வந்து சொல்லுவேன்.

கடைசியில் புற்றுநோய் வந்து கை நடுங்கத் தொடங்கியதும் தொழிலை நிறுத்தினார். போன மாரிக் குளிரில் வைத்தியசாலையில் காலமானார்.

இறுதிக் கிரியைக்கு, பஞ்சுப் பொதியோடு வந்த அந்தப் பெண் சிவப்புக் கல் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சாவீட்டுக்கு ஆரும் கலியாண நகையோடை வருவினமோ?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"நான் இதைப் போட்டு அன்ரி காணேல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பெட்டியருகே போய்க் குனிந்து நின்றார். அவருடைய தாயார் மகளின் கோட்டைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அந்தத் தாய்க்கும் மகளுக்கும் முதலில் என் நன்றி. வைத்தியசாலைக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், குளிரில் கடைசிவரை நின்றவர்களுக்கும் நன்றி. இந்தப் பக்கம் வந்தால் மணியை அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அக்காவின் தம்பி