லியூபிங்கா அத்தையின் சுதந்திர வகுப்பு

தபால்காரர் ஜிவோராடின் மூன்றாம் மகளான லியூபிங்கா, கிகிந்தா நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக, தம்மை 'அத்தை' என்றழைக்கும் குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்துவந்தார். அதில் அவருக்கு இணை கிடையாது. அவருடைய வகுப்பில் பொம்மை உடைந்ததாக வரலாறே இல்லை. நல்ல பொம்மைகள் யாவும் கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமல் அலமாரி உச்சியில் வீற்றிருந்தன. அண்ணாந்து பார்த்து மகிழக் குழந்தைகளுக்கு முழு உரிமை இருந்தது.

இந்நிலையில் மேலிடத்தில் இருந்தவர்களுக்கு ஞானம் பிறந்தது. இனிக் குழந்தைகள் தாங்களே தேர்ந்து விளையாட வேண்டும், ஆசிரியை குறுக்கிடலாகாது என்று அறிவித்தார்கள். வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்றும், வகுப்பில் சுதந்திரம் தென்படாவிட்டால் கீழ்த்தளத்தில் கைக்குழந்தைகளுக்கு ஈரத்துணி மாற்றும் பணிக்கு இறங்க நேரிடும் என்றும் தலைமையாசிரியை கனிவோடு தெரிவித்தார்.

லியூபிங்கா அஞ்சவில்லை. சுதந்திரத்தையும் முறைப்படி கற்பிக்கலாம் என்பது அவர் துணிபு. யார் எந்த மூலையில் எதைத் தன்னிச்சையாக விரும்ப வேண்டும் என்று திங்கள் முதல் ஒத்திகை நடந்தது. பொம்மைகள் உச்சியிலிருந்து இறக்கப்பட்டன.

ஆய்வாளர் வுகோசாவா வந்து, குட்டி நாற்காலியில் சிரமப்பட்டு அமர்ந்தார். மடியில் பள்ளி உபசரித்த, பாலாடைக்கட்டி அடைத்த கிபானிட்சாப் பலகாரம், கையில் காபி.

"உங்களுக்கு என்ன தோணுதோ விளையாடுங்க, கண்ணுங்களா," என்றார் லியூபிங்கா, தமக்கே பழக்கமில்லாத குரலில்.

குழந்தைகள் பொம்மைகளைப் பார்த்தார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. இத்தனை ஆண்டுப் பயிற்சி வீண்போகுமா? ஒருவரும் தொடவில்லை. ஈரத்துணியின் வாடை லியூபிங்காவின் மூக்கை எட்டிவிட்டது.

அப்போது ஐந்து வயது இஸ்க்ரா, ஆசிரியையின் சால்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஜன்னலைச் சாத்துங்க, காத்தடிச்சா காது வலிக்கும். அந்த ஆய்வாளரம்மா வர்ற நேரமாச்சு. வுகான், நீ சுதந்திரமா கட்டை அடுக்கு. ரெல்யா, நீ சுதந்திரமா மூலையில உக்காரு, யாரையும் கடிக்காதே."

"எனக்குக் கட்டைதான் வேணும் அத்தை," என்றான் ரெல்யா.

"உன்னை யாருடா கேட்டா?"

இன்னொரு குட்டி நாற்காலியில் சிறுமி துன்யா அமர்ந்து, வெறும் கோப்பையை உறிஞ்சினாள். தலை நிமிராமலே, "ரொம்ப நல்லாருக்கு. இன்னொரு துண்டு இருக்கா?" என்றாள்.

வுகோசாவாவின் வாயில் கிபானிட்சா நின்றுபோனது. "நீ யாரும்மா?"

"நான்தான் நீங்க."

"நான் இப்படியா சாப்பிடுறேன்?"

துன்யா யோசித்தாள். "இல்ல. இன்னும் வேகமா."

லியூபிங்கா பீட்ரூட் நிறத்தில் நின்றார். வுகோசாவாவின் நிலையும் மேலானதன்று. கண்டதைக் கண்டபடி எழுதினால் கிபானிட்சாவையும் எழுத வேண்டும். ஆகவே, பாத்திரமேற்று நடிக்கும் விளையாட்டு மிக உயர்ந்த தரத்தில் இருப்பதாகவும், குழந்தைகளே அதைத் தேர்ந்ததாகவும், ஆசிரியை ஒரு சொல்லாலும் குறுக்கிடவில்லை எனவும் எழுதிக் கையொப்பமிட்டார். அத்தனையும் உண்மை.

லியூபிங்கா மேல்தளத்திலேயே நீடித்தார். பொம்மைகளும் தத்தம் உயரத்துக்குத் திரும்பின. அடுத்த மாதம் மற்றப் பள்ளி ஆசிரியைகள் அந்த விளையாட்டைக் காண வருவதாகத் தகவல் வர, மறுநாளே ஒத்திகை தொடங்கியது.

"இஸ்க்ரா, அப்படி அதட்டக் கூடாது," என்று திருத்தினார் லியூபிங்கா. "நான் எப்பவாவது அதட்டியிருக்கேனா?"

"இல்ல அத்தை," என்றது வரிசை, ஒரே குரலில்.