மச்சானுக்கு முன்னால் ஒரு பீப்

என் மனைவியின் தமையன் இறக்கக்கண்டியில் படகு வைத்திருக்கிறார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரோடு எந்தக் கடையில் சாப்பிட்டாலும் காசு கட்டுவது அவர்தான். ஒரு பிளேன்டீக்குக்கூட நான் கட்டியதில்லை. கட்ட விட்டால்தானே? "எங்கட வீட்டு மாப்பிளை காசு கட்டுறதோ?" என்று கேட்பார். அதோடு வழக்கு முடிந்துவிடும். மாப்பிள்ளையின் தலையில் பாதி மயிர் கொட்டிவிட்டது, மிச்சம் வெளுத்துவிட்டது, பதவி மட்டும் போகவில்லை.

ஒரேயொரு தடவை அவருக்கு நான் காசு கட்ட வேண்டும். விருந்தாளியாகவே செத்துப்போக எனக்கு விருப்பமில்லை.

நான் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். பிழை என் உடம்பில். மச்சானின் காசுத் தாள் சட்டைப் பையில் நாலாக மடிந்து தயாராக இருக்கும். வலை இழுத்த கை, இரண்டு விரலை விட்டாரென்றால் தாள் காசாளரின் மூக்குக்கு நேரே நிற்கும். என் பேர்ஸோ களிசானின் பின்பையில் கிடக்கும். கந்தோர்க் கதிரையில் இருந்து இருந்தே வளர்ந்த உடம்பு என்னுடையது. எழும்பி, வயிற்றை எக்கி, ஒரு பக்கம் சரிந்து அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் மச்சான் மிச்சக் காசும் வாங்கிப் பல்லுக் குத்திக்கொண்டு நிற்பார். ஒரு முறை நிலாவெளியில், சாப்பிட உட்காருவதற்கு முன்னமே காசாளரிடம் களவாகப் பணத்தைக் கொடுத்து வைத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அந்த மனிதர் அதை அப்படியே என் கையில் திருப்பி வைத்தார்.

"ஐயா குறை நினைக்காதேங்கோ. நான் நாளைக்கும் இவரிட்டத்தான் மீன் வாங்கோணும்."

இந்த நிலைமையில்தான் கொழும்பிலிருந்து வந்த மகள் எனக்கொரு புதுப் போன் தந்து, பேங்க் அட்டையையும் அதற்குள் ஏற்றிவிட்டாள்.

"இனிப் பேர்ஸே வேண்டாமப்பா. போனைத் திறந்து மெசினுக்குக் கிட்டப் பிடிச்சால் காணும். முட்டக்கூடத் தேவையில்லை."

"ஒராளுக்கு மேலால கையை நீட்டிப் பிடிச்சாலும் வேலை செய்யுமோ?"

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்கள் கடைக்குப் போறீங்களோ, சண்டைக்குப் போறீங்களோ?"

அடுத்த கிழமை முழுக்கப் பயிற்சி. குசினியில் சீனிப் போத்தல்தான் மெசின். கதிரையில் இருந்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை உருவி, பெருவிரலால் திறந்து, ஓரெட்டில் பாய்ந்து, போத்தலுக்கு மேல் பிடித்து, "பீப்" என்று நானே சத்தமும் போடுவேன். மூன்றாம் நாள் மனைவி அகப்பையோடு வந்து நின்றாள். "சீனி வாங்கினது காணும். வெளியில போங்கோ." சுப்பர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சவர்க்காரம் வாங்கிப் பார்த்தேன். மெசின் உண்மையாகவே சத்தம் போட்டது. அங்கே நின்று துள்ளாத குறை.

படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க மச்சான் டவுனுக்கு வந்தார். துறைமுகம் தெரிகிற ஒரு புரியாணிக் கடைக்கு நானே கூட்டிப் போனேன். முதலில் காசு மேசையில் மெசின் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பிறகுதான் புரியாணி இருக்கிறதா என்று கேட்டேன்.

பக்கத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம். கல்யாணச் சாமான் வாங்கப் புல்மோட்டையிலிருந்து ஒரு வான் நிறைய வந்திருந்தார்கள். டவுனுக்குள் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வாழைப்பழத் தோலுக்குக் காத்து நின்றது. மச்சான் கடலைப் பற்றிக் கதைத்தார். நான் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தவரின் இரண்டு விரல்களும் பைப் பக்கம் போயின. நான் பாய்ந்தேன். காசு மேசைக்கு முன்னால் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெரிய மனிதர் மறைத்து நின்றார். அவருடைய தோளுக்கு மேலால் கையை நீட்டினேன்.

பீப்.

"கட்டியாச்சு!" என்று கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

காசு மேசையில் இருந்த இளந்தாரி மெசினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பிக்காரரைப் பார்த்தான். "ஐயா, இது ஒங்கட பில் இல்லையே. காக்காட பில்லு."

அவன் காக்கா என்று மரியாதையாகச் சொன்ன அந்தப் பெரியவர் அட்டைக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்த இடைவெளியில், ஒரு வான் நிறையச் சனம் தின்ற புரியாணிக்கு நான் காசு கட்டிவிட்டேன்.

அவர் மெல்லத் திரும்பினார். "அண்ணன், எலெக்சன் ஏதும் வருதா?"

"இல்லை, இல்லை, கை தவறி..."

பின்னால் நின்ற ஒரு பொம்பிளைப் பிள்ளை தாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "அப்ப இனிப்புக்கு வட்டிலாப்பமும் செல்லியிருக்கலாமே!"

மச்சான் சிரிப்பை அடக்க மீசையைப் பிடித்துக்கொண்டார். நான் இளந்தாரியிடம், "தம்பி, இதைத் திருப்பி எடுக்க ஏலாதோ?" என்று கெஞ்சினேன்.

"எடுக்கலாம். மொதலாளி வரணும். அவர் கொழும்புல."

பெரியவர் கையை உயர்த்தினார். "மொதலாளியும் வேணாம், ஒண்டும் வேணாம். எங்கட புள்ளையள் தின்டதுக்கு அண்ணன் ஏன் கட்டணும்?" மடியிலிருந்து காசுக் கட்டை எடுத்து, தன் பில்லுக்கான தொகையை எண்ணி மேசையில் வைத்தார். "தம்பி, இது அண்ணன்ட காசு. அவர்ட பில்லை இதுல எடுத்துட்டு மிச்சத்தை அவர்ட கையில குடுங்க."

இளந்தாரி அப்படியே செய்தான்.

அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. அது என்னுடைய காசு! என் பில்லை என் காசில் கட்டியாயிற்று. மச்சான் சாப்பிட்டதும் அதற்குள்தான். திரும்பிப் பார்த்தேன். மச்சானின் கையில் நாலாக மடித்த தாள், ஏலத்தில் ஒருவரும் கேட்காத மீனைப் போல நீட்டியபடியே நின்றது.

"தம்பி, இதை எடும்," என்றார்.

"கட்டியாச்சு காக்கா. ரெண்டு தரம் எப்பிடி எடுக்கிற?"

"அது அந்த மனுசன் குடுத்த காசெல்லோ? இவர் எங்க கட்டினவர்?"

பெரியவர் வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "அண்ணன்தான் கட்டினவர். நாங்க இத்தின பேர் சாட்சி."

மச்சான் தாளைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பஸ் நிற்பாட்டும் இடம்வரை எனக்கு முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் அவர் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. தோல்வியை ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். என் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. விட்டுக்கொடுக்கத் தெரிந்த மனிதர்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு முழுக்கதையும் நடித்தே காட்டினேன். சீனிப் போத்தல்தான் மறுபடியும் மெசின். அவள் கேட்டுக்கொண்டே, தோய்ப்பதற்கு என் சட்டையைக் கழற்றி வாங்கிப் பையைத் துழாவினாள். போன் வந்தது. போனுக்குப் பின்னால், நாலாக மடித்தபடி ஒரு தாள் வந்தது. மீன் மணத்தது.

"அண்ணாட தாளெல்லோ இது?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். "என்ன மச்சான் இது?"

பின்னால் கடல் இரைந்தது. "எது?"

"என்ர பைக்குள்ள தாள்!"

"ஓ, அதுவோ? அது உமக்கில்லை மச்சான், உம்மட போனுக்கு. பாவம், தனியாளா நிண்டு ஒரு வான் சனத்துக்குச் சாப்பாடு குடுத்ததெல்லோ."