பெருக்காமல் விட்ட கூடம்

காலை ஒன்பது பத்து. எதிர்வீட்டுக் கதவு ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத் திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் துணிப்பை, அதன் வாய்வரை கறிவேப்பிலை. பிறகுதான் அதைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தேன். செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

என் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவள் உள்ளே வந்து கறிவேப்பிலையைத் தரையில் கொட்டினாள். அடியில் இருந்த கல்லூரிச் சான்றிதழ்களை எடுத்து, என் சோபாவுக்குப் பின்னால் தயாராக இருந்த பெரிய தோள்பைக்குள் செருகினாள். போனை அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அந்தப் போன் அவள் கணவனுக்கு எந்நேரமும் காட்டும்.

"தூங்கறாரா?" என்று கேட்டேன்.

"இப்பதான் படுத்தார்க்கா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா ஒரு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அத்தை குளிக்கறாங்க."

குளியலறைக் குழாயின் சத்தம் எனக்கும் கேட்டது. திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீர் வாங்கும் எங்கள் குடியிருப்பில், ஒரு வாளி நிரம்பி வழிந்தாலும் மாடியில் இருந்து குரல் கொடுக்கிறவர் அந்த மாமியார். அன்று அதை நான் யோசிக்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து கிளாம்பாக்கம், அங்கிருந்து மதுரை பஸ். மதுரையில் அவளுடன் படித்த தோழி பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பார்த்து வைத்திருந்தாள். பஸ் நிலையத்துக்குள் அவள் நிற்கும்போது கணவன் எழுந்துவிட்டால், பைக்கில் இருபது நிமிடத்தில் பிடித்துவிடுவான். எங்கள் பயம் அந்த ஒன்றுதான்.

சேலையூரைத் தாண்டி இருக்கும் எங்கள் குடியிருப்பு, அவர்கள் குடும்பத்து மனையில் கட்டப்பட்டது. முன்பு நெல் விளைந்த இடம் என்று மாமியார் சொல்வார். நிலம் கொடுத்ததற்குப் பங்காகக் கிடைத்த வீட்டில் மகனும் மருமகளும் அவரும் இருந்தார்கள். காதல் திருமணம். பெண்ணின் வீட்டார் அன்றோடு தலைமுழுகிவிட்டார்கள். அதனால் திரும்பிப் போக அவளுக்கு அம்மா வீடு என்று ஒன்று இல்லை.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் என்னிடம் முதலில் சொன்னாள். கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு என்மேல பாசம் ஜாஸ்திக்கா. அதான் கழுத்துல கை வெச்சார். அப்புறம் அவரே உக்காந்து அழுதார்." அடுத்த முறை சொன்னபோது பாசம் என்ற சொல் இல்லை. "இந்தத் தடவை கையை எடுக்க நேரமாச்சு" என்றாள்.

நான் பல வருஷம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தவள். புறநகர்ச் செய்தியாளர்கள் அனுப்பும் இப்படிப்பட்ட செய்திகளை நான்கு வரிக்குச் சுருக்குவது என் வேலை. 'குடும்பத் தகராறு காரணமாக' என்று ஆரம்பிப்போம். அந்த மூன்று சொல்லுக்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுத இடமும் இருக்காது, தகவலும் இருக்காது. மாடியில் அவள் கழுத்தைப் பார்த்தபோது, நான்கு வரியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது.

"அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமியார் நாள் முழுக்கக் கூடத்தில் வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மகன் வைத்த காவல் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அவரைத் தாண்டி வரக் கறிவேப்பிலை உதவியது. கீழே அவர்கள் மரம் இருந்தது. "பேப்பரம்மாவுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வா" என்று மாமியாரே அடிக்கடி அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் இலைக்கு அடியில் ஒரு சுடிதார், ஒரு துண்டு என்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவள் போன பிறகு நான் சன்னலோரம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து வந்தாள். வெயில் காலம், கதவுகள் திறந்து கம்பிக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. பேச்சு அப்படியே கேட்டது.

"இன்னிக்குப் பாத்திரம் மட்டும் தேய். பெருக்க வேணாம்" என்றார் மாமியார்.

"இன்னாமா, அதிசயமா கீது. தினம் மூலை மூலையா குனிய வெப்பியே." பிறகு இன்னும் உரக்க, "யாருனா ஊருக்குப் போய்க்கினு கீறாங்களா?"

நான் பேப்பரை மடித்தேன். வீட்டில் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் ஊர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. வாளி நிரம்பியும் ஓடிய குழாய், கறிவேப்பிலை எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. அவர் வளர்த்த மகனுக்கும் இந்த வழக்கம் தெரியும்.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "உறைக்குக் கொஞ்சம் மோர் வேணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தயவு செஞ்சு பெருக்கச் சொல்லுங்க. அவர் எழுந்து வந்து தரையைப் பார்த்தா என்ன ஆகும்?" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"இன்னும் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டா" என்றார். "பெருக்கினா அவளுக்கு ஆகாது."

"பெருக்கலைன்னாதான் ஆகாது."

"பேப்பர்ல வேலை பாத்தவங்க, உங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இருக்காது."

படுக்கையறைக் கதவு திறந்தது. மகன் லுங்கியோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். வெறுங்கால். குளிர்சாதனக் காற்று அவனுக்குப் பின்னாலேயே வந்தது.

"என்னம்மா சத்தம்? யார் ஊருக்குப் போயிருக்கா?"

"யார் போவா? இவ வேலையைக் குறைக்கப் பார்க்கறா."

சமையலறையிலிருந்து வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள். "நானா? நீதானம்மா..." என்று ஆரம்பித்தவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா சார். முதுவு புட்ச்சிகிச்சு. நான்தான் ஒருநாள் வுட்டுடும்மான்னு கேட்டுகினேன். ஊருக்குப் போற மாதிரி நெனைச்சுக்கோயேன்னு சொன்னேன். கேக்குதா இது?"

அவன் தரையைப் பார்த்தான். காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான். "அவ எங்க?"

மாமியார் எழுந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த பூந்துடைப்பத்தை எடுத்தார். வாசலிலிருந்து ஆரம்பித்து, குனிந்து, மகனின் காலைத் துடைப்பத்தால் தட்டி நகர்த்திவிட்டு, கூடம் முழுவதும் பெருக்கினார். "கீரை வாங்கப் போயிருக்கா. உனக்குக் காப்பி வேணுமா, இல்லை தூங்கறியா?" என்று கேட்டபோது அவர் நிமிரவில்லை.

"தூங்கறேன். ஆன்ட்டி, சாரி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனான். மரியாதையான பையன் என்றுதான் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள்.

மாமியார் டம்ளரில் மோர் ஊற்றி வாசலில் என் கையில் கொடுத்தார்.

"பை உங்க வீட்டுலேர்ந்துதானே கிளம்பிச்சு?"

"ஆமாம்."

"அப்போ கணக்குப்படி அவ கிளம்பினது உங்க வீட்டுலேர்ந்து. உங்க வீட்டைப் பெருக்காதீங்க. போய்ச் சேர்ந்துட்டான்னு போன் வந்ததும் பெருக்குங்க. அவன் இருக்கும்போது நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. துடைப்பம் சத்தம் எனக்குக் கேக்கும்."

ஒரு மணிக்கு அவன் எழுந்தான். சமையல் மேடையில் போனைக் கண்டதும் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கூட இறங்கி வந்தார். பிறகு என் அழைப்பு மணி அடித்தது.

"ஆன்ட்டி, காலையில இங்க வந்தாளா?"

"கறிவேப்பிலை குடுத்துட்டுப் போனா."

அவன் என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தான். காலையில் அவள் கொட்டிய இலைகள் தரையில் அப்படியே வாடிக் கிடந்தன. கையால் பொறுக்கியிருக்கலாம். பெருக்காதே என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன், வேறெதுவும் தோன்றவில்லை.

"நீங்க ஏன் பெருக்கலை?"

"தங்கை வந்திருந்தா. விடிகாலையில பெங்களூருக்குக் கிளம்பினா."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பேட்டிக்கு வந்தவர்கள் பொய் சொல்லும்போது கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே போகாமல் பார்த்துக்கொண்டேன். அவன் படியில் இறங்கிப் போய் பைக்கை எடுத்தான். தாம்பரம், கிளாம்பாக்கம் எல்லாம் சுற்றிவிட்டு மாலையில் திரும்பி வந்தான். எதிர்வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. மாமியார் அதே நாற்காலியில் இருப்பது கம்பிக்கதவு வழியாகத் தெரிந்தது. மகன் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

ஏழரைக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, விடுதிக்கு வந்துட்டேன். ரூம்ல தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு" என்றாள். அத்தைக்குத் தெரியும் என்று சொன்னேன். "சாப்பிட்டாங்களா?" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு பெருக்கக்கூடாது என்பதும் வழக்கம்தான். மாமியாருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பூந்துடைப்பத்தில் சத்தம் வராது. பால்கனியில் இருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்துவந்து, கதவை அகலத் திறந்து வைத்து, கூடத்தையும் இரு வீட்டுக்கும் நடுவில் உள்ள நடைபாதையையும் பெருக்கினேன்.

எதிர்வீட்டில் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து, மகனுக்குத் தட்டு எடுத்து வைத்தார்.