முதியோர் இல்லத்தில் அடித்த பெரட்டு

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் போவோம். முடி வெட்டிவிடுவோம், தாயம் உருட்டுவோம். ஒருநாள் நான் தப்பு மேளம் கொண்டுபோய், விடிகாலையில் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்களை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அப்பா அடிக்கும் அதே அடியை அடித்தேன். சின்ன வயதில் என்னை எழுப்பிய சத்தம். எல்லார் முகமும் மலர்ந்தது.

முடித்துப் பார்த்தால், அங்கே இருக்கும், காலமெல்லாம் கொழுந்து பறித்த மாரியாயி சின்னம்மாவைக் காணோம். பதறித் தேடினோம். பின்பக்கத் தேயிலைச் சரிவில், மழையில் வழுக்கும் தண்ணீர்க் கான் ஓரமாக, முந்தானையை மடியாகக் கட்டிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். சரிவில் ஏறி ஓடினேன்.

“வாங்க சின்னம்மா, விழுந்துருவீங்க!”

“நீதானப்பா பெரட்டுக்குக் கூப்பிட்ட? பாதியில விட்டா, மலையில வேலை பாக்குற கண்டாக்கையா ஏசுவாரு.”

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில், “வேலை விட்டாச்சு சின்னம்மா” என்றேன். உடனே மடியை அவிழ்த்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இப்போதும் அடிக்கிறேன். அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் மறக்காமல், “வேலை விட்டாச்சு!” என்று உரக்கச் சொல்கிறேன். அதற்கப்புறம்தான் சின்னம்மா முந்தானையை உதறிவிட்டுத் தேத்தண்ணி கேட்கிறார்.